நட்டம் யார் வயலில் விழுகிறது?

பெங்களூரு கே.ஆர்.புரத்தில் வசிக்கும் சகோதரி ஒருவர் ஆறு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

அப்பா கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி. 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்டபோது இவர் பள்ளி மாணவி. இப்போது மென்பொருள் நிறுவனத்தில் வேலை. கணவர், ஒரு மகன். 240 வீடுகள் உள்ள அடுக்ககத்தில் சொந்த வீடு. ஆறு வருடமாக மாடித்தோட்டம் போடுகிறார். வார இறுதிகளில் இயற்கை விவசாய வகுப்புகளுக்கும் போய்வந்திருக்கிறார். மாலூர் பக்கம் அம்மா பிறந்த கிராமத்தில் அரை ஏக்கரும் ஒரு ஏக்கருமாக வைத்திருக்கும் முப்பது குடும்பங்களுக்குச் செய்முறைப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்பது இவருடைய ஆசை. அதில் பன்னிரண்டு தலித் குடும்பங்களின் நிலம் அரசு வழங்கியது. வேளாண் துறை ஆட்களோ வேறு அமைப்புகளோ அந்தத் தெருவுக்கு வந்ததே இல்லை என்று எழுதுகிறார்.

திட்டம் இதுதான்: ஒரு பெரிய விவசாயியிடம் மூன்று ஏக்கரை ஐந்து வருடக் குத்தகைக்கு எடுத்து மாதிரிப் பண்ணை அமைப்பது, ஐந்து நாட்டு மாடுகள் வாங்குவது, மாதம் இரண்டு நாள் முகாம் நடத்துவது, வரும் மழைக்காலத்திலிருந்து முப்பது குடும்பங்களும் ரசாயனத்தை முழுதாக நிறுத்துவது, விளைந்ததை 'ஆர்கானிக்' என்று தன் அடுக்ககத்தில் விற்றுக்கொடுப்பது. கையில் 12 லட்சம் சேமிப்பு இருக்கிறது. அமெரிக்காவில் குடியுரிமை பெற்ற தோழி ஒருவர் டாலரில் அனுப்பத் தயார். கணவருக்கு இதில் துளியும் விருப்பமில்லை.

இதற்கிடையில் ஒரு துயரம். போன வருடம் சோதனையாக ஒரு முகாம் நடத்தியிருக்கிறார்கள். வந்த பெண்களில் ஒருவர் பெரும் ஊக்கத்தோடு தன் முக்கால் ஏக்கர் தக்காளிக்கு உரத்தையும் மருந்தையும் ஒரே நாளில் நிறுத்திவிட்டார். இலைச்சுருள் நோய் வந்தது; பின்னாலேயே மழையில் கருகலும் வந்தது. மகளிர் சங்கத்தில் வாங்கிய 40,000 ரூபாய் கடன் அப்படியே நிற்கிறது. அவருடைய கணவர் இந்தச் சகோதரியின் தாய்மாமன் வீட்டு வாசலுக்கு வந்து, "டவுன்ல இருந்து வந்து பாடம் சொன்னாங்களே, இதுக்கு யாரு பதில் சொல்றது?" என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

"அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. சட்டப்படி நான் பொறுப்பா? இந்த வேலையைத் தொடரலாமா, விட்டுவிடலாமா?" என்று கடிதம் முடிகிறது.

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். சிறு விவசாயிகள் கூட்டமைப்புகளுக்குப் பத்திரமும் விதிமுறைகளும் எழுதிக்கொடுக்கும் வழக்கறிஞர் நான். பயிற்சி வயல்களின் வரப்பில் நின்று பஞ்சாயத்துப் பேசியும் இருக்கிறேன். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். இந்த வேலையை விடாதீர்கள். ஆனால் எழுதியிருக்கும் திட்டத்தோடு தொடராதீர்கள். அந்தத் திட்டத்தில் நல்ல மனசு நிறைய இருக்கிறது. ஒரு கேள்விக்குத்தான் அதில் பதிலில்லை. கற்றுக்கொள்ளும்போது வரும் நட்டம் யார் தலையில் விழும்? போன வருடம் அது யாரால் தாங்க முடியாதோ அவர் தலையில் விழுந்தது. அதை மாற்றுவதற்கு மட்டும்தான் நான் யோசனை சொல்லப் போகிறேன்.

அந்த அக்காவின் 40,000 ரூபாய்

சட்டத்தைக் கேட்டீர்கள், சொல்கிறேன். முகாமுக்குக் கட்டணம் வாங்கவில்லை என்கிறீர்கள். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இலவசமாகச் செய்யும் சேவையை 'சேவை' என்ற வரையறைக்கு வெளியே வைக்கிறது. எனவே நுகர்வோர் ஆணையத்தில் உங்கள் மீது புகார் நிற்காது. கவனக்குறைவால் நட்டம் என்று உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆனால் உங்கள் பேச்சைக் கேட்டதால்தான் பயிர் போனது, மழையாலோ நோயாலோ இல்லை என்று நிரூபிப்பது மிகக் கடினம். நாளைக்கே கட்டணம் வாங்க ஆரம்பித்தாலோ, 'நட்டம் வராது, நான் பொறுப்பு' என்று மேடையில் சொன்னாலோ கதை மாறும். அப்படி ஏதாவது சொன்னீர்களா என்று நிதானமாக யோசித்துப் பாருங்கள். வகுப்புகளில் கேட்ட உற்சாகத்தில் பலரும் சொல்லிவிடுகிறார்கள்.

ஆக, சட்டப்படி உங்கள் பக்கம் பெரிய ஆபத்தில்லை. அதனால் பணம் கொடுக்கத் தேவையில்லை என்று நான் சொல்வேன் என எதிர்பார்த்திருந்தால், மன்னியுங்கள். கொடுங்கள் என்றுதான் சொல்வேன். உங்களிடம் 12 லட்சம் இருக்கிறது. அதில் முதல் 40,000 அங்கே போகட்டும். ஊரில் அந்தக் கடன் நிற்கும்வரை நீங்கள் நடத்தும் எந்தப் பயிற்சிக்கும் வருபவர்கள் மனசுக்குள் அந்தத் தக்காளிச் செடிதான் நிற்கும். எழுத்தில் ஏதாவது வேண்டுமென்றால் 'உதவியாகத் தரப்படுகிறது' என்று ஒரு வரி போதும். பொறுப்பை ஒப்புக்கொண்டதாக யாரும் திருப்ப முடியாது. எப்படிக் கொடுப்பது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

பயிர் ஏன் போனது என்பதையும் பேசியாக வேண்டும். சாணம், கோமியம், வெல்லம் கலந்து ஊறவைக்கும் ஜீவாமிர்தம் விட்டால் நோயே அண்டாது என்று முகாமில் சொல்லப்பட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அது மண்ணுக்கு உதவும். தக்காளி இலைச்சுருளோ வெள்ளை ஈ சுமந்து வரும் நச்சுயிரி நோய். நாற்றங்காலிலேயே செடிக்குள் புகுந்துவிட்டால் பிறகு எதை ஊற்றினாலும் திரும்பாது. வலைக்குள் நாற்று வளர்ப்பது, வயலைச் சுற்றி மக்காச்சோளம் இரண்டு மூன்று வரிசை போடுவது, மஞ்சள் ஒட்டுப்பொறி வைப்பது, நோய் தாங்கும் ரகம் எடுப்பது என்று முன்கூட்டியே செய்கிற வேலைகள்தான் உதவும். பெங்களூருக்குப் பக்கத்திலேயே ஹெசரகட்டாவில் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. இலைச்சுருள், பாக்டீரியா வாடல், முன்கருகல் மூன்றையும் தாங்கும் அர்க்கா ரக்ஷக் தக்காளி அவர்கள் வெளியிட்டது. காய்ப்புழுவுக்குத் தக்காளி நடுவே செண்டுமல்லி வரிசை போடும் முறையும் அவர்கள் பரிந்துரைதான். இவை எதுவும் இயற்கை விவசாயத்துக்கு விரோதமில்லை. ஆராய்ச்சி நிலையம் என்றாலே ரசாயனம் என்று உங்கள் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தால் அதை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

தக்காளியில் ஆரம்பித்ததுதான் மூலத் தவறு என்பது என் எண்ணம். கோலார் மாவட்டத்தில் தக்காளி ஒரு சூதாட்டம் மாதிரி. மருந்தடித்தவர்களே தோற்கிற பயிர். கடன் வாங்கித்தான் நாற்றும் குச்சியும் வாங்க வேண்டும். அந்தப் பயிரில் ஒருவரைப் 'பழகிக்கொள்' என்று இறக்கிவிடக் கூடாது.

குத்தகைப் பத்திரம் வேண்டாம்

இது பலருக்குத் தெரிவதில்லை, உங்களுக்கும் தெரிந்திருக்கவில்லை. கர்நாடகத்தில் விவசாய நிலத்தைக் குத்தகைக்கு விடுவதே சட்டப்படி கூடாது. 1961-ம் ஆண்டு கர்நாடக நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் 5-வது பிரிவு, ராணுவத்தினர் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, எந்தக் கால அளவுக்கும் குத்தகை கூடாது என்கிறது. 2020-ல் ஒரு திருத்தம் வந்ததே என்று கேட்பீர்கள். அது விவசாயி அல்லாதவர்கள் விவசாய நிலம் வாங்குவதற்கு இருந்த தடைகளை எடுத்தது. குத்தகைத் தடை அப்படியே இருக்கிறது. தமிழ்நாட்டில் உங்கள் சொந்தக்காரர்கள் குத்தகைக்கு ஓட்டுவதைப் பார்த்து இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்திருப்பீர்கள். வாய்ப்பேச்சில் இங்கேயும் ஊர் ஊராக நடக்கத்தான் செய்கிறது. ஆனால் நீங்கள் ஐந்து வருடம் முத்திரைத்தாளில் எழுதி, மூன்று ஏக்கரில் சொட்டுநீரும் வேலியும் போட்டு, இரண்டாவது வருடம் நிலத்துக்காரர் 'வெளியே போங்க' என்றால், சட்டத்துக்கு எதிரான ஒப்பந்தத்தைக் காட்டி நீதிமன்றத்தில் நிவாரணம் கேட்பது கடினம். சேமிப்பில் பாதி அங்கேயே போய்விடும்.

அந்தப் பன்னிரண்டு குடும்பங்களின் நிலத்தில் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். அரசு வழங்கிய நிலங்களுக்கு 1978-ல் வந்த தனிச் சட்டம் இருக்கிறது, ஊரில் பி.டி.சி.எல். என்பார்கள். பட்டியல் சாதி, பழங்குடிக் குடும்பங்களுக்கு அரசு கொடுத்த நிலத்தை அரசின் முன் அனுமதி இல்லாமல் விற்கவோ அடமானம் வைக்கவோ குத்தகைக்கு விடவோ முடியாது. அப்படிச் செய்வதாக ஒப்பந்தம் போடுவதுகூட 'கைமாற்றம்' என்ற சொல்லுக்குள் வந்துவிடும். பெங்களூரைச் சுற்றி இந்த நிலங்கள் கைவிட்டுப் போன கதைகள் ஏராளம். அதற்காகத்தான் இவ்வளவு இறுக்கம். நல்ல எண்ணத்தோடு நீங்கள் எழுதும் காகிதத்திலும் 'நிலத்தை எங்கள் அமைப்பின் பயன்பாட்டுக்கு' என்று ஒரு வரி இருந்தால் அந்தக் குடும்பங்களுக்குத் தொல்லை. யாருடைய பஹணி (நில உரிமைப் பதிவேடு) நகலையும் வாங்கி உங்கள் கோப்பில் வைக்காதீர்கள். அந்தத் தெருவில் காகிதம் கேட்டு வந்தவர்களை அவர்கள் ஏற்கெனவே நிறையப் பார்த்திருப்பார்கள்.

மாதிரிப் பண்ணை உங்களுக்குத் தேவையே இல்லை என்பதுதான் என் உறுதியான கருத்து. சொட்டுநீர் போட்டு, சம்பளத்துக்கு ஆள் வைத்து, மூன்று ஏக்கரில் நீங்கள் விளைவித்துக் காட்டினால் அரை ஏக்கர்க்காரருக்கு அதிலிருந்து என்ன தெரியும்? 'அவங்ககிட்ட காசு இருக்கு, விளையுது' என்பதுதான் தெரியும். நம்மாழ்வாரைக் கடிதத்தில் இரண்டு இடத்தில் சொல்லியிருக்கிறீர்கள். அவர் கோவில்பட்டி அரசு ஆராய்ச்சி நிலைய வேலையை விட்டுவிட்டு வந்ததே, பண்ணைக்குள் நடக்கும் ஆய்வு வெளியே இருக்கும் மானாவாரி விவசாயிக்கு உதவவில்லை என்று கண்டதால்தான். பயிற்சி அவர்கள் வயலிலேயே நடக்கட்டும்.

இரண்டு நாள் முகாமும் ஒரு பயிர்ப் பட்டமும்

இனி நீங்கள் கேட்காத, ஆனால் எனக்கு மிக முக்கியமாகப் படுகிற விஷயம். மாதம் இரண்டு நாள் கூடிப் பேசி, சோறு போட்டு, சான்றிதழ் கொடுத்து அனுப்புவது செய்முறைப் பயிற்சி ஆகாது. பூச்சி மாதத்தில் இரண்டு நாள் மட்டும் வருவதில்லையே.

இந்தோனேசியாவில் நெல்லுக்குக் கண்டபடி மருந்தடித்து, நன்மை செய்யும் பூச்சிகள் செத்து, புகையான் என்ற தத்துப்பூச்சி பெருகியது. 1986-ல் அந்த அரசு 57 பூச்சிமருந்துகளை நெல்லுக்குத் தடை செய்தது. தடை மட்டும் போதாது, விவசாயி தன் வயலைத் தானே படிக்கத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று 1989-ல் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் துணையோடு அங்கே தொடங்கியதுதான் உழவர் வயல்வெளிப் பள்ளி. தமிழ்நாட்டு வேளாண் துறையும் அந்தப் பெயரில்தான் நடத்துகிறது. இருபது இருபத்தைந்து பேர், விதைப்பிலிருந்து அறுவடை வரை வாரம் ஒரு முறை, காலையில் மூன்று நான்கு மணி நேரம் ஒரே வயலில் கூடுவார்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு துண்டு: ஒன்று வழக்கமான முறை, இன்னொன்று புதுமுறை. செடியை எண்ணி, பூச்சியை எண்ணி, எது பயிரைச் சாப்பிடுகிற பூச்சி, எது அந்தப் பூச்சியைச் சாப்பிடுகிற பூச்சி என்று பெரிய தாளில் படம் வரைந்து, இந்த வாரம் என்ன செய்வது என்று அவர்களே முடிவெடுப்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்தான் பல நேரம் மிக நுணுக்கமாக வரைவார்கள். நடத்துபவர் பேசுவது குறைவு.

உங்கள் ஊருக்கு இதை எப்படிப் பொருத்துவது? ராகியில் ஆரம்பியுங்கள். அந்தப் பெண்களுக்கு ராகி தெரியும். உங்களைவிட நன்றாகத் தெரியும். கன்னடத்தில் 'அக்கடி சாலு' என்று ஒரு பழைய முறை உண்டு. ராகி வரிசைகளுக்கு நடுவே துவரை, மொச்சை, கடுகு, பேயெள்ளு, ஆமணக்கு என்று கலந்து விதைப்பார்கள். ஒன்று போனால் இன்னொன்று கை கொடுக்கும். வீட்டுக்குப் பருப்பும், மாட்டுக்குத் தாளும் வரும். ஊர்ப் பாட்டிகளைக் கேளுங்கள், எத்தனை வரிசைக்கு ஒரு வரிசை என்று கையை விரித்துக் காட்டுவார்கள். உங்கள் பயிற்சியின் முதல் ஆசிரியர் அவராக இருக்கட்டும். நீங்கள் கொண்டுபோகிற விதை நேர்த்தியும் ஜீவாமிர்தமும் புங்க இலை எருவும் அதற்குப் பிறகு வரட்டும்.

முதல் வருடம் முப்பது குடும்பம் வேண்டாம், பதினைந்து போதும். குடும்பத்துக்கு இருபது சென்ட். அதற்கு மேல் ஒரு சென்ட்கூட அவர்களே ஆசைப்பட்டாலும் மாற்ற விடாதீர்கள். மீதி நிலத்தில் அவர்கள் வழக்கம்போல் செய்யட்டும், யூரியா போட்டாலும் முகம் சுளிக்காதீர்கள். ரசாயனத்துக்குப் பழகிய மண்ணில் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு மூன்று பட்டம் விளைச்சல் இறங்கும். இலங்கை 2021-ல் ரசாயன உர இறக்குமதியை ஒரே உத்தரவில் நிறுத்தி, விவசாயிகள் தெருவுக்கு வந்து, அந்த ஆண்டு நவம்பருக்குள் உத்தரவைத் திரும்பப் பெற்றதை நாம் எல்லோரும் பார்த்தோம். ஒரு நாட்டுக்கு நடந்தது அரை ஏக்கர் வீட்டுக்கு நடக்காதா? அந்த வீட்டுக்குத் திரும்பப் பெறும் உத்தரவும் கிடையாது.

நாட்டு மாடு வாங்கும் யோசனையைத் தள்ளி வையுங்கள். கோலார் பக்கம் பால் டைரியை நம்பித்தான் வீடு ஓடுகிறது, தொழுவத்தில் நிற்பது சீமைக் கலப்பு மாடு. நாட்டு மாட்டுச் சாணம்தான் ஆகும் என்று சொன்னால் மாடில்லாதவரும் கலப்பு மாட்டுக்காரரும் முதல் நாளே வெளியே போய்விடுவார்கள். எந்த மாட்டின் சாணமும் மக்கினால் எருதான். ஏக்கருக்கு 200 லிட்டர் என்பது ஜீவாமிர்தக் கணக்கு. இருபது சென்ட்டுக்கு 40 லிட்டர். அதற்கு 2 கிலோ சாணம், 2 லிட்டர் கோமியம், வெல்லமும் பயறு மாவும் 400 கிராம் வீதம், ஒரு பிடி வரப்பு மண் என்று இருப்பதை வைத்து ஒரு டிரம்மில் கலந்துவிடலாம். மாட்டுக்குச் செலவழிக்கும் பணத்தை வேறு இடத்தில் செலவழிக்க வேண்டியிருக்கிறது. அடுத்து அதைத்தான் சொல்லப் போகிறேன்.

அதற்கு முன் ஒன்று. வகுப்பு நேரத்தை உங்கள் சனிக்கிழமையை வைத்து முடிவு செய்யாதீர்கள். காலைப் பால் ஊற்றிவிட்டு வந்த பிறகு, மாலைக் கறவைக்கு முன்னால். கூலிக்குப் போகும் பெண்களுக்கு அந்த அரை நாள் கூலியைக் கொடுத்துவிடுங்கள். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி நாட்டின் நிலப் பிடிகளில் 86 சதவீதம் ஐந்து ஏக்கருக்கும் குறைவானவை. பெண் பெயரில் இருப்பவை சுமார் 14 சதவீதம்தான். பஹணியில் பெயர் பார்த்து ஆள் சேர்த்தால் வயலில் வேலை செய்கிறவர் விட்டுப்போய், டீக்கடையில் இருப்பவர் வருவார். மொழிக் கவலை உங்களுக்கு வேண்டாம். தங்கவயலில் வளர்ந்தவருக்குத் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் வாயில் இருக்கும். பெங்களூரில் பிறந்த எத்தனையோ நல்லவர்களுக்கு இல்லாத வரம் அது.

நட்டத்தை எழுத்தில் ஏற்றுக்கொள்ளுங்கள்

ஒரு பக்கத் தாள் போதும். கன்னடத்தில் எழுதி, எல்லோர் முன்பும் உரக்கப் படித்துக்காட்டி, இருவரும் கையெழுத்திட்டு, ஆளுக்கு ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். அதில் நிலம், சர்வே எண் எதுவும் வேண்டாம். இருபது சென்ட்டில் இன்ன முறையில் பயிர் செய்வார். வாரம் ஒரு முறை குழு அந்த வயலில் கூடலாம். அறுவடையில் அவருடைய வழக்கமான துண்டைவிட எவ்வளவு குறைகிறதோ அந்த வித்தியாசத்தை நீங்கள் கொடுப்பீர்கள். அதிகம் விளைந்தால் முழுவதும் அவருக்கே. எடை போடுவது ஊர்ப் பெண்கள் இருவர், நீங்கள் இல்லை. எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் அவர் விலகலாம்.

சட்டத்தில் வெறும் வாக்குறுதிக்குப் பொதுவாக வலுவில்லை; பதிலுக்கு ஏதாவது தந்திருக்க வேண்டும். இங்கே அவர் உங்கள் முறையைத் தன் வயலில் செய்துபார்த்து, மற்றவர்கள் கற்க இடம் தருகிறார். அதுவே பதில். எனவே இந்தத் தாளை வைத்து அவர் உங்களைக் கேட்க முடியும். முடிய வேண்டும் என்றுதான் எழுதச் சொல்கிறேன்.

பயப்படாதீர்கள், கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏக்கருக்குப் பத்து குவிண்டால் ராகி என்று வைத்தால் இருபது சென்ட்டில் இரண்டு குவிண்டால். 2025-26-க்கு ராகியின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,886 ரூபாய். ஒரு மணிகூட விளையாமல் போனாலும் வீட்டுக்குப் பத்தாயிரத்துக்குள். பதினைந்து வீட்டிலும் அப்படியே ஆனாலும் ஒன்றரை லட்சத்துக்குள். மாட்டுத் தீவனத்துக்கான தாளுக்கும் சேர்த்து இரண்டு லட்சத்தைத் தனியாக ஒரு கணக்கில் போட்டுவிடுங்கள். கணவரிடமும் இதைக் காட்டுங்கள். 'பணம் போய்விடும்' என்ற பயத்தோடு வாதாட முடியாது. 'இவ்வளவுக்கு மேல் போகாது' என்று காட்டினால் அவர் யோசிப்பார். இந்த வருடச் செலவு எல்லாம் சேர்த்து நான்கு லட்சத்தைத் தாண்டாது என்று அவரிடம் வாக்குக் கொடுங்கள், காப்பாற்றுங்கள். மகனின் படிப்புப் பணத்தை எடுத்து ஊருக்குச் செய்வதில் எனக்கு உடன்பாடில்லை.

'ஆர்கானிக்' என்ற சொல்

அடுக்ககத்தில் விற்கும் யோசனை நல்லது, சொல்லில்தான் சிக்கல். இயற்கை உணவுப் பொருள்களுக்கென்று 2017-ல் உணவுப் பாதுகாப்பு விதிகள் வந்தன. அதன்படி 'ஆர்கானிக்' என்று சொல்லி விற்க வேண்டுமானால் ஏற்றுமதித் தரத்துக்கான என்.பி.ஓ.பி. சான்றோ, விவசாயிகள் ஒருவரை ஒருவர் சரிபார்த்துக்கொள்ளும் பி.ஜி.எஸ். சான்றோ வேண்டும். ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்கு மிகாத சிறு உற்பத்தியாளரோ அவர்களது குழுவோ நேரடியாகச் சாப்பிடுகிறவருக்கு விற்றால் விலக்கு உண்டு. கவனியுங்கள், விலக்கு விளைவித்தவருக்கு. நீங்கள் வாங்கி வாட்ஸ்அப்பில் விற்றால் நீங்கள் வியாபாரி. விலக்கு உங்களுக்கு இல்லை. எனவே வாரம் ஒரு நாள் அவர்களே வந்து அடுக்கக வாசலில் கடை போடட்டும். அனுமதி வாங்கித் தருவது, நிழலுக்குப் பந்தல் போடுவது, கழிப்பறை வசதி பார்ப்பது உங்கள் வேலை. பணம் அவர்கள் கையில் போகும். உங்கள் பக்கத்து வீட்டார் கேட்கும் கேள்விக்கு அவர்களே பதில் சொல்வார்கள்.

முதல் இரண்டு வருடம் அந்தச் சொல்லையே தொடாமல் இருப்பது உத்தமம். மண் மாறும் காலம் என்று ஒன்று இருக்கிறது. ஒரு பருவப் பயிர்களுக்கு இரண்டு ஆண்டு. 'மாலூர் பக்கத்து ராகி, மருந்தடிக்காதது, இவர்தான் விளைவித்தார்' என்று உண்மையைச் சொன்னால் போதும். குழுவாக ஐந்து பேர் சேர்ந்தாலே பி.ஜி.எஸ்.-ல் பதியலாம், முதலில் மாறும் நிலையில் உள்ளதற்கு 'பச்சை' அடையாளம், பிறகு முழுச் சான்று.

தண்ணீரையும் பார்த்துவிடுங்கள். 2018 முதல் பெங்களூரின் கழிவுநீரைச் சுத்திகரித்துக் கோலார் மாவட்ட ஏரிகளுக்கு விடுகிறார்கள். வறண்ட கிணறுகள் ஊறியதில் ஊர்களுக்கு மகிழ்ச்சி. அது இரண்டாம் நிலைச் சுத்திகரிப்போடு நிற்பதில் பலருக்குக் கவலை. உங்கள் ஊர்க் கிணறு எந்த ஏரிக்குக் கீழே இருக்கிறது என்று கேட்டு, விதைப்புக்கு முன் மண்ணையும் நீரையும் ஒருமுறை பரிசோதிக்கக் கொடுங்கள்.

பணம், பதிவு பற்றி

தோழியின் டாலர் வேண்டாம். வெளிநாட்டுக் குடிமகள் அனுப்புவது 2010-ம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துக்குள் வரும். உங்கள் சொந்தக் கணக்கில் வாங்கினாலும் அப்படித்தான், இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும் அப்படித்தான். வழக்கமான பதிவுக்கு அமைப்பு மூன்று ஆண்டு இயங்கி, 15 லட்சம் செலவழித்திருக்க வேண்டும். இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் இருக்கும் நண்பர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் இந்தத் தடையில்லை. அறக்கட்டளைப் பதிவும் இந்த வருடம் வேண்டாம். ஒரு பட்டம் முடியட்டும், யார் நிற்கிறார்கள் என்று தெரியட்டும்.

அரசை ஒதுக்கிவிட்டுச் செய்யாதீர்கள். 1974-ல் புதுச்சேரியில் தொடங்கிய வேளாண் அறிவியல் நிலையங்கள் இன்று அநேகமாக எல்லா மாவட்டத்திலும் இருக்கின்றன, கோலாரிலும் இருக்கிறது. தாலுகாவின் உட்பிரிவான ஹோப்ளிதோறும் ரைத சம்பர்க்க கேந்திரம் (உழவர் தொடர்பு மையம்) இருக்கிறது. 2024 நவம்பரில் 2,481 கோடி ரூபாயில் மத்திய அரசு ஒப்புக்கொண்ட தேசிய இயற்கை வேளாண் இயக்கத்தில் ஊர்ப் பெண்களையே 'கிருஷி சகி'யாகப் பயிற்றுவிக்கிறார்கள். அந்தத் தெருவுக்கு யாரும் வந்ததில்லை என்றீர்களே. நீங்கள் போய் அதிகாரியைக் கூப்பிடுவதைவிட, அந்தப் பெண்கள் நான்கு பேரோடு அலுவலகத்துக்கு நீங்கள் துணையாகப் போங்கள். அடுத்த முறை அவர்கள் தனியாகப் போவார்கள்.

இப்போது அந்த அக்காவிடம். வரும் ஞாயிற்றுக்கிழமை மாமாவைக் கூட்டிக்கொண்டு, காலைப் பால் நேரம் முடிந்த பிறகு அவர் வீட்டுக்குப் போங்கள். போனில் பேசாதீர்கள். தப்பு எங்கே நடந்தது என்று நேராகச் சொல்லுங்கள்: தக்காளியில் இறக்கியது, முழு நிலத்தையும் மாற்ற விட்டது, நோய் வந்தபோது பக்கத்தில் இல்லாதது. அவர் கணவர் கோபப்பட்டால் கேட்டுக்கொள்ளுங்கள், நட்டம் அவர்களுடையது. பணத்தை அவர் கணவர் கையில் கொடுக்க வேண்டாம். கடன் சங்கத்தில் அந்த அக்கா பெயரில் இருக்கிறது, அவருடைய சங்கக் கணக்கிலேயே கட்டி, ரசீதை அவரிடம் கொடுத்துவிடுங்கள். புதுக் குழுவில் சேரச் சொல்லி அன்று கேட்காதீர்கள். ராகி விதைப்புக்கு இன்னும் நாள் இருக்கிறது.